கழுத்தில் தங்க மெடல்... ரத்தத்தில் இரும்பு இருக்கா?

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மாசம் ஆனால் போதும். குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, பாரதியார் தின விழா, குடியரசு தின விழா என்று வரிசையாக ஆரம்பித்துவிடும். பேப்பரில் மாவட்டச் செய்திப் பக்கத்தைத் திருப்பினால், கோப்பையைத் தூக்கிப் பிடித்த பிள்ளைகள், பக்கத்தில் தலைமையாசிரியர், ஓரத்தில் பி.டி. மாஸ்டர்! 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகள் சென்னை, மதுரை, திருச்சி, கோவை என்று நம் ஊர்களிலேயே நடந்தன. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 38 தங்கம் உட்பட 98 மெடல்களை அள்ளிக்கொண்டு இரண்டாம் இடம் பிடித்தார்கள். பார்க்கப் பார்க்க சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பிள்ளைகளில் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கலாம். காலையில் அஞ்சரை மணிக்கு ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புகிற பிள்ளை. ஒரு டம்ளர் காபி, அவ்வளவுதான். ஏழரைக்கு வந்து அவசர அவசரமாகக் குளியல், இரண்டு இட்லி, ஸ்கூல். சாயங்காலம் மறுபடியும் கிரவுண்டு. அப்புறம் டியூஷன். "நல்லா ஓடறா, மாஸ்டர் பாத்துக்கறார்" என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

மாஸ்டர் ஓட்டத்தைப் பார்த்துக்கொள்வார். அந்த உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை வீட்டில் இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். காரணம் ரொம்ப எளிமை: இது கட்டி முடித்த வீடு அல்ல, கட்டிக்கொண்டிருக்கிற வீடு. சிமென்ட் காய்வதற்குள் மாடிமேல் பாரம் ஏற்றினால் என்ன ஆகும்?

வயசு ஒன்று, உடம்பு வேறு

எட்டாம் வகுப்பு பையன்களை வரிசையாக நிற்க வைத்துப் பாருங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும். பக்கத்தில் நிற்பவன் இன்னும் அஞ்சாம் வகுப்பு மாதிரி இருப்பான். பிறந்த தேதி இரண்டு பேருக்கும் ஒரே மாசமாக இருக்கும்!

பெண் பிள்ளைகள் சுமார் 12 வயசிலும், பையன்கள் சுமார் 14 வயசிலும் மிக வேகமாக வளர்கிறார்கள். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 8, 9 சென்டிமீட்டர்கூட உயர்ந்துவிடுவார்கள். சிலருக்கு இந்த வளர்ச்சி ஓரிரு வருஷம் முந்தும், சிலருக்குப் பிந்தும். 13 வயசில் எல்லோரையும் ஜெயிக்கிற பையன், முந்திக்கொண்டு வளர்ந்ததால் ஜெயித்திருக்கலாம். தோற்றவன் 16 வயசில் அவனைத் தாண்டிப் போகலாம். ஆகவே 14 வயசுக்குட்பட்டோர் பிரிவில் தோற்றுவிட்டு வந்த பிள்ளையிடம் "உனக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஜெயித்து வந்த பிள்ளையிடம் "நீ அடுத்த ஒலிம்பிக்ஸ்" என்றும் சொல்லிவிட வேண்டாம்.

இன்னொன்று. கையும் காலும் திடீரென்று நீளும்போது கொஞ்ச நாள் ஓட்டம் தடுமாறும். போன வருஷம் தாண்டிய உயரத்தை இந்த வருஷம் தாண்ட முடியாது. "சோம்பேறி ஆயிட்டான்" என்று திட்டு விழும். பாவம், அவன் என்ன செய்வான்? நீண்டுபோன காலோடு பழக அவனுக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும், அவ்வளவுதான்.

எலும்பு நுனியில் ஒரு இளசு

பிள்ளைகளின் கை கால் எலும்புகளின் நுனிக்குப் பக்கத்தில் ஒரு வளர்ச்சித் தட்டு உண்டு. டாக்டர்கள் குரோத் பிளேட் என்பார்கள். எலும்பு நீளமாவது இந்த இடத்தில்தான். இது இன்னும் முழு எலும்பாக இறுகாத குருத்தெலும்பு, இளசு. பெரியவர்களுக்குத் தசைநார் பிசகுகிற அதே அடியில், பிள்ளைகளுக்கு இந்தத் தட்டு பாதிக்கப்படலாம். அதனால்தான் பிள்ளைக்கு மூட்டில் பலமான அடி பட்டு வீங்கினால், "சுளுக்குதான்" என்று எண்ணெய் போட்டு உருவக் கூடாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

அடியே படாமலும் வலி வரும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வருகிற வலி இது. குதித்து விளையாடும் பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம் புடைத்துக்கொண்டு வலிக்கும். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று இதற்குப் பெயர். ஓடுகிற பிள்ளைக்குக் குதிகால் வலிக்கும். வேகப்பந்து போடுகிற பையனுக்கு இடுப்பு வலிக்கும். இந்த மூன்றாவதை மட்டும் லேசாக விட்டுவிடாதீர்கள். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் மயிரிழை போல விரிசல் விழுந்திருக்கலாம். இதற்குப் பயந்துதான் இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம், 13 வயசுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் தொடர்ச்சியாக 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர் என்று கணக்கு வைத்தது. நம் தெருமுனை அகாடமியில் யார் எண்ணுகிறார்கள்? நீங்கள்தான் எண்ண வேண்டும்.

"வளர்ற வயசு, வலிக்கத்தான் செய்யும்" என்று பாட்டி சொல்வார். அதுவும் உண்மைதான். ஆனால் வித்தியாசம் இருக்கிறது. வளர்ச்சி வலி பெரும்பாலும் ராத்திரியில், இரண்டு காலிலும் வரும். காலையில் காணாமல் போய்விடும். காயத்தின் வலி ஒரே இடத்தில், விரலை வைத்துக் காட்டுகிற மாதிரி இருக்கும். விளையாடினால் கூடும். பிள்ளை நொண்டினால் அது வளர்ச்சி வலியே அல்ல.

அப்பாவுக்கு 19, மகளுக்கு 30

இனி தலைப்புக்கு வருவோம். தசைக்கு ஆக்ஸிஜனைச் சுமந்து போவது ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின். அதைச் செய்ய இரும்புச் சத்து வேண்டும். வளர்கிற உடம்பு புது ரத்தம் செய்கிறது, அதற்கு இரும்பு. பெண் பிள்ளைக்கு மாதாமாதம் ரத்தப்போக்கு, அதிலும் இரும்பு போகிறது. இதற்கு மேல் ஓட்டம்! வியர்வையில் கொஞ்சம் போகும். பாதம் தரையில் அறையும்போது சிவப்பணுக்கள் கொஞ்சம் உடைந்தும் போகும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்கு வேண்டிய இரும்பு, வளர்ந்த ஆணுக்கு 19 மில்லிகிராம். 13 முதல் 15 வயசுப் பெண்ணுக்கு 30 மில்லிகிராம்! ஆனால் நம் வீடுகளில் ஈரல் வறுவலும் முட்டையும் முதலில் யார் தட்டில் விழுகிறது? கொஞ்சம் யோசியுங்கள்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 19 வயசுப் பெண்களில் 100க்கு 59 பேருக்கு ரத்தசோகை இருந்தது. பையன்களில் 31 பேருக்கு. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு வராது என்று நினைக்காதீர்கள். நூடுல்ஸும் பிஸ்கட்டும் தின்று வளர்கிற பிள்ளைக்கும் வரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? போன மாசம் ஓடிய நேரத்துக்குள் ஓட முடியவில்லை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. படிக்க உட்கார்ந்தால் தூக்கம். முகம் வெளுப்பு. சாக்பீஸ், பச்சை அரிசி தின்கிற பழக்கம். மாஸ்டர் "பிராக்டிஸ் பத்தலை" என்று இன்னும் இரண்டு ரவுண்டு கூட்டுவார். பிராக்டிஸை ஏற்றினால் இரும்பு ஏறுமா?

ஒரு ரத்தப் பரிசோதனை போதும். பெண் பிள்ளைக்கு 12 கிராமுக்குக் கீழே ஹீமோகுளோபின் இருந்தால் ரத்தசோகை. கூடவே ஃபெரிட்டின் என்ற பரிசோதனையும் செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இது உடம்பின் சேமிப்புக் கணக்கு. ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே இந்தச் சேமிப்பு கரைய ஆரம்பித்துவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியது என்ன? கம்பு, ராகி, கீரை, பயறு, கொண்டைக்கடலை, முட்டை, மீன், ஈரல். சைவச் சாப்பாட்டில் இருக்கிற இரும்பு உடம்பில் சுலபமாகச் சேராது. அதற்குப் புளிப்பு உதவி செய்யும். சுண்டலில் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ வையுங்கள். சாப்பிட்ட கையோடு காபி, டீ கொடுக்காதீர்கள். அது இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரமாவது போகட்டும். பள்ளியில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். பூச்சி மாத்திரையையும் மறக்காதீர்கள். ஆனால் நீங்களாகக் கடையில் இரும்பு டானிக் வாங்கி மாசக்கணக்கில் கொடுக்க வேண்டாம். அளவை டாக்டர் சொல்லட்டும்.

மாதவிலக்கு நின்றால் லாபமா?

"ஓடற பொண்ணு, அதான் வர்றதில்லை. ஒரு தொல்லை விட்டுச்சு" என்று சில அம்மாக்கள் நினைக்கிறார்கள். இது தொல்லை விட்டது அல்ல, உடம்பு அடிக்கிற மணி! செலவாகிற சக்திக்கு ஈடாகச் சாப்பாடு இல்லாவிட்டால், உடம்பு முதலில் நிறுத்துகிற இலாகாக்களில் இதுவும் ஒன்று. கூடவே எலும்புக்குப் பலம் தருகிற ஹார்மோனும் குறைகிறது. நம் எலும்பின் பலத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் 18, 20 வயசுக்குள் சேர்ந்தாக வேண்டும். அந்த வயசில் சேர்க்காததை 50 வயசில் மாத்திரை போட்டு முழுசாக ஈடுகட்ட முடியாது. மூன்று மாசம் தொடர்ந்து வரவில்லை என்றாலோ, 15 வயசாகியும் பூப்படையவில்லை என்றாலோ டாக்டரைப் பாருங்கள். மருந்தோடு நிறுத்தாமல், சாப்பாட்டைப் பற்றியும் பேசிவிட்டு வாருங்கள்.

சாப்பாடு என்றதும் பி.டி. உஷா ஞாபகம் வருகிறது. கேரளத்து விளையாட்டுப் பள்ளியில் உருவானவர். 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டம். நூறில் ஒரு பங்கு வினாடியில் வெண்கலம் கைநழுவியது. அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் கஞ்சியும் ஊறுகாயுமாகச் சமாளித்ததையும், கடைசி 35 மீட்டரில் சக்தி தீர்ந்துபோனதையும் பல வருஷம் கழித்து அவரே சொன்னார். அவ்வளவு பெரிய வீராங்கனைக்கே அப்படியென்றால், வெறும் காபியோடு கிரவுண்டுக்குப் போகிற நம் பிள்ளைக்கு?

காலையில் கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம், நாலு பேரீச்சம்பழம். வந்ததும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் வயிறு நிறைய டிபன், ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல், பால். வெயில் நேரத்தில் உப்புப் போட்ட மோர், எலுமிச்சை ஜூஸ். பவுடர் டப்பாவுக்குக் கொடுக்கிற காசில் ஒரு மாசத்துக்கு முட்டை வாங்கலாம். "சீக்கிரம் உடம்பு ஏறும்" என்று யாராவது ஊசி, மாத்திரை கொடுத்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஸ்டீராய்டு போட்டால் அந்த வளர்ச்சித் தட்டு சீக்கிரமே மூடிக்கொள்ளும். உயரம் அதோடு நின்றுபோகும்.

ஓய்வும் ஒரு பயிற்சிதான்

எவ்வளவு பயிற்சி போதும்? ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. பிள்ளையின் வயசு எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 12 வயசா? வாரம் 12 மணி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வும், வருஷத்தில் பிரித்துப் பிரித்து மூன்று மாசம் அந்த ஆட்டத்துக்கு லீவும் கேட்கிறது. லீவு என்றால் டி.வி. முன்னால் உட்காருவது அல்ல. ஓடுகிற பிள்ளை நீந்தட்டும், பந்து போடுகிறவன் சைக்கிள் ஓட்டட்டும்.

இதைப் படித்துவிட்டு, "அப்போ விளையாட்டே வேண்டாம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்! பத்தாம் வகுப்பு வந்ததும் ஷூவைப் பரணில் ஏற்றுகிற வீடுகள் ஏராளம். 5 முதல் 17 வயசுப் பிள்ளைகளுக்குத் தினம் 60 நிமிஷமாவது உடம்பு அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பரீட்சை வருஷத்துக்கு அதில் சலுகை கிடையாது.

உடனே டாக்டரிடம் ஓட வேண்டியது எப்போது?

ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தால், நெஞ்சு வலித்தால், குடும்பத்தில் யாராவது சின்ன வயசிலேயே திடீரென்று இறந்திருந்தால், இதயப் பரிசோதனை முடியும்வரை கிரவுண்டு பக்கமே வேண்டாம். அசெம்பிளியில் நின்று மயங்குவது வேறு, ஓடும்போது மயங்குவது வேறு.

தலையில் அடிபட்டு, கொஞ்ச நேரம் தடுமாறினாலும், வாந்தி எடுத்தாலும் அன்றைக்கு மறுபடி களத்தில் இறக்கக் கூடாது. ஃபைனல் மேட்சாக இருந்தாலும் சரிதான்.

வெயிலில் ஓடிய பிள்ளை உடம்பு கொதித்து, பேச்சு குழறினால், முதலில் நிழல், உடம்பெல்லாம் தண்ணீர், விசிறல். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் அங்கேயே குளிர வைக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இந்த வருஷப் போட்டிகள் ஆரம்பிக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. கிரவுண்டிலிருந்து வந்ததும் "ஜெயிச்சியா?" என்று கேட்பதற்கு முன்னால், "எங்கேயாவது வலிக்குதா? சாப்டியா?" என்று ஒரு கேள்வி. மெடல் வந்தால் ஷோகேஸில் வைக்கலாம். அந்த எலும்பும் ரத்தமும் இன்னும் அறுபது வருஷத்துக்கு அந்தப் பிள்ளையோடு வர வேண்டியவை.