சபைக்குப் போகாத திராட்சை ரசம்

தமிழ் வேதாகமத்தில் ‘திராட்சரசம்’ என்று ஒரே சொல்தான். கானா ஊர்க் கல்யாணத்தில் தண்ணீர் மாறியதும் திராட்சரசமாகத்தான். கடையில் விற்கும் ஜூஸையும் நாம் திராட்சை ரசம் என்றுதான் சொல்கிறோம். போதை தருமா, தராதா என்பதைச் சொல் காட்டிக்கொடுக்காது. எனக்கு அந்த வித்தியாசம் புரிந்தது நெமிலியில், அத்தை வீட்டு சமையல்கட்டில், ஒரு எவர்சில்வர் குண்டானின் தட்டைத் தூக்கியபோது.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அதற்கான ரசத்தை ரொம்ப வருஷமாக அத்தைதான் காய்ச்சிக் கொடுப்பார். முட்டிவலி வந்துவிட்டதால் அந்த முறை வேலை என் தலையில் விழுந்தது. ரெண்டு கிலோ பன்னீர் திராட்சை, கழுவி, காம்பு நீக்கி, கையால் பிசைந்து, அப்படியே அடுப்பில் ஏற்றி, வடிகட்டி, சூடாகவே பாட்டிலில் ஊற்றி மூட வேண்டும். அவ்வளவுதான். வியாழக்கிழமை ராத்திரி பிசைந்து வைத்தேன். காலையில் காய்ச்சிக்கலாம் என்று படுத்துவிட்டேன். விடிந்ததும் வேலூருக்கு ஓட வேண்டிய அவசரம். திரும்பி வந்தது சனிக்கிழமை சாயங்காலம். மே மாசம், ஜன்னல் சாத்தின வீடு.

தட்டு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. தூக்கினால் தோலெல்லாம் மேலே வந்து ஒரு விரல் தடிமனுக்குக் கெட்டியாக மிதக்குது, கீழே நுரை, அழுத்தினால் ‘சுர்’ என்று சத்தம். வாசனை பாதி இட்லி மாவு, பாதி கள். அத்தை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது பொங்கிடுச்சுடா. சபைக்கு எடுத்துட்டுப் போகாத” என்றார்.

ஆக, நான் முதல்முறையாக ஒயின் செய்தது இப்படித்தான். ஈஸ்ட் வாங்கவில்லை, சர்க்கரை போடவில்லை, கோதுமை போடவில்லை.

ஈஸ்ட் பழத்தோடயே வந்துவிடுகிறது. திராட்சைமேல் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அதுதான் ஈஸ்ட் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் மெழுகு, பழம் வறண்டு போகாமல் இருக்க. காட்டு ஈஸ்ட்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில் தோலிலும் பாத்திரத்திலும் இருக்கும். பழம் நசுங்கி சர்க்கரை வெளியே வந்ததும் அவை வேலையைத் தொடங்கும். ஆல்கஹால் கொஞ்சம் ஏறினதும் அவற்றில் பல செத்துவிடும். தாங்குகிற சாக்கரோமைசிஸ் இனம் மிச்சத்தை முடிக்கும். பேக்கரி ஈஸ்ட்டும் அதே இனம்தான். ஒரு லிட்டர் சாறில் சுமார் 17 கிராம் சர்க்கரை கரைந்து போனால் ஒரு சதவீதம் ஆல்கஹால் சேரும் என்பது கணக்கு. கோதுமையில் இருப்பது மாவுச்சத்து. இந்த ஈஸ்ட் அதை நேரடியாகச் சாப்பிடாது. ‘கிக்’ கோதுமையால் வருகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வாயுக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் கொஞ்சம் பயம் வந்தது. ஒரு கிலோ சர்க்கரை முழுசாக நொதித்தால் ஏறக்குறைய பாதி எடை ஆல்கஹால், பாதி கார்பன் டை ஆக்சைடு. அந்த வாயு 250 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். நல்லவேளை, நான் மூடினது தட்டால். இறுக்கி மூடிய கண்ணாடி பாட்டிலாக இருந்திருந்தால் வெடித்திருக்கலாம்.

“கொதிக்க வச்சா போயிடாதா அத்தை?” என்று கேட்டேன். எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது. ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100-இல், அதனால் முதலில் அது பறந்துவிடும் என்று. அப்படிப் பிரிந்து போகாது. ரெண்டும் கலந்தே இருப்பதால் கலந்தேதான் ஆவியாகும். அரை மணி நேரம் கொதித்த குழம்பிலும் ஊற்றின ஆல்கஹாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை.

ஒரு ஸ்பூன்தானே, என்ன ஆகிடப்போகுது? அதையும் கேட்டேன். அத்தை ஒருத்தரைப் பற்றி மட்டும் சொன்னார். குடியை விட்டு நாலு வருஷம் ஆனவர், மூணாவது வரிசையில் உட்கார்வார். அவருக்கு அந்த வாசனையே போதும். அவரை மட்டும் ‘நீங்க எடுக்காதீங்க’ என்று எல்லார் முன்னாலும் சொல்ல முடியுமா?

இதே கவலைதான் 1869-இல் அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் வைன்லாண்டில், தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற பல் மருத்துவரை அடுப்படிக்குக் கொண்டுவந்தது. மெத்தடிஸ்ட், மதுவை எதிர்த்தவர். ஒயினைச் சூடுபடுத்திக் கெடாமல் காக்கும் பாஸ்டரின் முறையைச் சாறுக்குப் பயன்படுத்தி, பாட்டிலில் புளிக்காத ரசத்தைத் திருவிருந்துக்குக் கொடுத்தார். ஈஸ்ட் சூட்டில் செத்துவிடும், மூடி இறுகியிருந்தால் புதுசாக உள்ளே வராது. அத்தை சூடாகவே பாட்டிலில் ஊற்றச் சொன்னதன் காரணமும் இதேதான். கத்தோலிக்கத் திருப்பலியில் நிலைமை வேறு. அங்கே புளித்த ஒயின்தான் முறை. குடிப்பழக்கம் காரணமாக அதைத் தொட முடியாதவர்களுக்கு, ஆயர் அனுமதியோடு, நொதித்தல் நிறுத்தப்பட்ட ‘முஸ்தும்’ என்ற சாறு உண்டு.

அன்று ராத்திரியே கருப்பு உலர் திராட்சையை வெந்நீரில் ஊறவைத்து, காய்ச்சி, வடிகட்டி எடுத்துப் போனோம். நிறம் கொஞ்சம் பழுப்பு. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

குண்டானில் இருந்ததை வடித்தபோது இன்னொன்று கவனித்தேன். பயங்கரத் துவர்ப்பு. தோலும் விதையும் ரெண்டு நாள் ஊறியதில் இறங்கின டானின் அது. எங்கள் ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து ஆட்களுக்கு இது புதுசில்லை. குரோம் உப்பு வருவதற்கு முன் இங்கே தோல் பதனிட்டதே ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும்தான். அவற்றில் இருப்பதும் டானின்தான். தோலின் புரதத்தைப் பிடித்து அழுகாமல் இறுக்குகிறது. வாயில் எச்சில் புரதத்தைப் பிடிக்கிறது, நாக்கு வறண்ட மாதிரி ஆகிறது. மிக்ஸியில் அரைக்காதே என்று அத்தை சொன்னதும் இதற்காகத்தான். விதை உடைந்தால் கசப்பும் சேரும்.

இனி அதை என்ன செய்வது? வீட்டு ஒயினாகவே முடித்துப் பார்க்கலாம் என்ற ஆசை இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் இன்னும் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம்தான், ராஜாஜி சேலத்தில் தொடங்கி வைத்தது. தெருமுனையில் டாஸ்மாக் இருக்கலாம். உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் செய்வது குற்றம். கேரளத்திலும் 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில் கலால் துறை இதையே சொல்லி எச்சரித்தது.

கொட்டவும் மனசு வரவில்லை. சம அளவு ஆறின வெந்நீர் கலந்து, ஊறுகாய் ஜாடியில் ஊற்றி, வாயில் மெல்லிய துணி கட்டி, காற்றுப் படும்படி வைத்தேன். காற்று இருந்தால் அசிட்டிக் பாக்டீரியா ஆல்கஹாலைக் காடியாக மாற்றும். ஒயின் செய்பவர்கள் முதல் பொங்கல் அடங்கியதும் காற்றை அடைக்கப் பாடுபடுவது இதைத் தடுக்கத்தான். ஆறு வாரத்தில் மூக்கைத் துளைக்கும் புளிப்பு.

அத்தை அதில் சின்ன வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார்.