காருக்கும் கம்ப்யூட்டருக்கும் குளிர்ந்த காற்று

கோடை வந்தாலே, "கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டது, வைரஸ் வந்திருக்குமோ?" என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்பார்கள். அதற்கு வெப்பமும் காரணமாக இருக்கலாம். இதை விளக்கக் கார் என்ஜினைத்தான் உதாரணமாகச் சொல்வேன்.

பெட்ரோல் எரிய ஆக்சிஜன் வேண்டும். காற்று சூடானால் விரியும். அதே இடத்தில் அடங்கும் ஆக்சிஜன் குறையும். 27 டிகிரி செல்சியஸ் காற்று 57 டிகிரிக்குச் சூடானால், அழுத்தம் மாறாதபோது, அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைகிறது. என்ஜினின் சக்தியும் குறைகிறது. டர்போ உள்ள கார்களில் காற்றை அழுத்தும்போதே அது சூடாகிவிடும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி சுடுகிறதல்லவா, அதுபோலத்தான். எனவே டர்போவுக்கும் என்ஜினுக்கும் நடுவே இன்டர்கூலர் வைத்துக் காற்றைக் குளிர்விக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பெட்ரோல் என்ஜினுக்குள் சூடான காற்று சென்றால், கலவை நேரம் தவறி எரிந்து 'நாக்கிங்' ஏற்படலாம். இதைத் தவிர்க்க, காரில் உள்ள இசியூ என்னும் சிறிய கம்ப்யூட்டர், சென்சார் மூலம் வெப்பத்தை அறிந்து ஸ்பார்க்கைச் சற்றுத் தாமதமாகத் தருகிறது. என்ஜின் தப்பிக்கும், சக்தி குறையும்.

உங்கள் ப்ராசசரும் இப்படித்தான் தன்னைக் காத்துக் கொள்கிறது. ஒரு வித்தியாசம்: ப்ராசசருக்குக் காற்று எரிபொருளோடு சேரும் பொருள் அல்ல. ஹீட் சிங்க்கில் உள்ள வெப்பத்தை எடுத்துச் செல்வதே அதன் வேலை. வெப்பம் எல்லையை எட்டினால் ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைக்கும். பல ப்ராசசர்களில் இந்த எல்லை 100 டிகிரியை ஒட்டி இருக்கும். அதற்கும் மேல் சூடானால் கம்ப்யூட்டர் நின்றுவிடும். சேமிக்காத பைல் போய்விடும். நன்றாகக் குளிர்வித்தால் இழந்த வேகம் திரும்பும்; ப்ராசசரின் திறனுக்கு மேல் வேகம் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. கேபினட்டை மூடிய மேஜை அறைக்குள் வைக்காதீர்கள். வெளியேறும் சூடான காற்றே மீண்டும் உள்ளே போகும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

2. மின் இணைப்பை நீக்கிவிட்டு, ஹீட் சிங்க்கிலும் பேனிலும் உள்ள தூசியை பிளோயரால் அகற்றுங்கள். அப்போது பேன் சுழலாதபடி விரலால் பிடித்துக் கொள்ளுங்கள்.

3. லேப்டாப்பை மெத்தை மீது வைத்து இயக்காதீர்கள்; காற்றுத் துளைகள் அடைபடும்.

பேன் எவ்வளவு சுழன்றாலும் அறையின் வெப்பத்திற்குக் கீழே ப்ராசசரைக் குளிர்விக்க முடியாது. எனவே அறையிலும் காற்றோட்டம் தேவை. புதிய ப்ராசசருக்குச் செலவு செய்யும் முன் இவற்றைச் செய்து பாருங்கள்.