லிஸ்பன் குன்றுகளில் ஒரு செக்வே மாலை: மூட்டுவலியைக் கேட்டோம், எடையைக் கேட்கவில்லை

போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனுக்கு ஏழு குன்றுகளின் நகரம் என்று பெயர். பார்க்க வேண்டியதெல்லாம் மேட்டின் மேல்தான் இருக்கும். ஒரு மேட்டை ஏறி முடித்து மூச்சு வாங்கினால் எதிரில் இன்னொரு மேடு நிற்கும். பத்துமலையின் 272 படிகளை ஆண்டுக்கொரு முறை ஏறிப் பழகிய கால்களும் மூன்றாம் நாள் கெஞ்ச ஆரம்பித்துவிடும்.

அங்கே வேலை செய்யும் அக்காள் மகள் கூப்பிட்டதால், ஜூன் மாதத்தில் நானும் அக்காளும் போயிருந்தோம். அக்காளுக்கு 64 வயது. பேராக்கில் ஒரு தோட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். காண்டா வாளியைச் சுமந்து மேட்டுக்காட்டில் ஏறி இறங்கிய முழங்கால், இன்று இரண்டு மாடி ஏறினாலே வலிக்கிறது. நடக்காமல் நகரத்தைப் பார்க்க என்ன வழி என்று தேடியபோதுதான் மாலை நேர செக்வே சுற்றுலா கண்ணில் பட்டது. வழிகாட்டி ஒருவர் முன்னே போவார், ஆறேழு பேர் வாத்துக்கூட்டம்போல் பின்னே போவோம், இரண்டரை மணி நேரத்தில் பழைய நகரத்தைச் சுற்றி வரலாம்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செக்வே என்பது இரண்டு சக்கரம், நடுவில் நிற்க ஒரு பலகை, பிடித்துக்கொள்ள ஒரு தண்டு, அவ்வளவுதான். சைக்கிளுக்குச் சக்கரங்கள் முன்னும் பின்னும் இருக்கும், இதற்கு இடமும் வலமும். அமெரிக்கரான டீன் கேமன் 2001 டிசம்பரில் இதை அறிமுகப்படுத்தியபோது, இனி நகரங்களையே இதற்கேற்பக் கட்டுவார்கள் என்றெல்லாம் பேசினார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. காவலர்களும் சுற்றுலாக்காரர்களுமே பெரும்பாலும் வாங்கினார்கள். 2020 ஜூலையில் அந்தப் பழைய வகையின் உற்பத்தியே நின்றுபோனது. ஆகவே இன்று சுற்றுலாவில் நமக்குத் தரும் வண்டிக்குச் சில வயது ஆகியிருக்கும். டயரையும் மின்கலத்தையும் ஒழுங்காகப் பராமரிக்கிறார்களா என்று கேட்பதில் தவறில்லை.

இந்த வண்டிக்கு வேகம் கூட்டும் பிடியும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. பலகைக்கு அடியில் சாய்வை அளக்கும் உணரிகள் இருக்கின்றன. நாம் முன்பக்கம் சற்றுச் சாய்ந்தால், விழாமல் நம்மைத் தாங்கிப்பிடிக்கச் சக்கரங்கள் முன்னே உருள்கின்றன. பின்பக்கம் சாய்ந்தால் வேகம் குறைந்து நிற்கும், மேலும் சாய்ந்தால் பின்னோக்கிப் போகும். திரும்ப வேண்டுமானால் தண்டை அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும். உள்ளங்கையில் கோலை நிறுத்தி, அது சாயும் பக்கம் கையை நகர்த்தி விளையாடுவோமே, அதே வேலையைத்தான் இயந்திரம் நொடிக்கு நூறு தடவை செய்கிறது. இதில் கோலாக நிற்பது நாம்.

மேட்டில் இது எப்படி நடந்துகொள்கிறது என்பதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏறும்போது சாலைதான் சாயுமே தவிர நாம் நிற்கும் பலகை மட்டமாகவே இருக்கும். அதனால் கால் முட்டிக்கு ஏறுகிற வேலை இல்லை. இறங்கும்போது உடலைப் பின்னுக்குக் கொண்டுவந்து, நாற்காலியில் உட்காரப் போகிறவர்போல் இடுப்பைத் தாழ்த்தி மெதுவாக வர வேண்டும். அப்போது சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, கொஞ்சம் மின்சாரம் திரும்ப மின்கலத்துக்குப் போகிறது. மின்கலம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அதற்கு இடம் இருக்காது, வண்டி எச்சரிக்கை கொடுத்துத் தண்டை அதிரச் செய்யும். முழுச் சார்ஜோடு உச்சியிலிருந்து நேராக இறங்கக் கூடாது என்பது இதனால்தான். எங்கள் சுற்றுலா ஆற்றங்கரைச் சமவெளியில் தொடங்கி மேலே ஏறியது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

தொடங்கிய இடம் தேஜோ ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் வணிகச் சதுக்கம். 1755 வரை அங்கே அரண்மனை இருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள். தேவாலயங்களில் மக்கள் கூடியிருந்த காலை நேரத்தில் நிலம் அதிர்ந்தது. ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் அலை வாரிக்கொண்டது. எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்திகளும் அடுப்புகளும் சேர்ந்து மூட்டிய தீ பல நாள் எரிந்தது. 2004 டிசம்பரில் பினாங்கிலும் கெடாவிலும் நாம் கண்டது நினைவுக்கு வந்தது. நகரத்தைத் திரும்பக் கட்டியவர், பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பட்ட அமைச்சர். நேர்நேரான தெருக்கள், சுவருக்குள் மரச்சட்டக் கூடு பொருத்திய வீடுகள் எல்லாம் அவர் காலத்தவை. கூட்டின் மாதிரியைச் சுற்றிப் படைவீரர்களை அணிவகுத்து நடக்கவிட்டு, அதிர்ச்சியைத் தாங்குகிறதா என்று சோதித்ததாகச் சொல்வார்கள்.

சதுக்கத்தின் ஓரத்தில் இருபது நிமிடம் பயிற்சி. எல்லாருக்கும் தலைக்கவசம் தந்து, பொறுப்பு ஏற்கும் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். முன்பதிவு செய்தபோதே அக்காள் வயதையும் மூட்டுவலியையும் சொல்லியிருந்தோம். முட்டியை லேசாக மடக்கி நிற்க முடியுமானால் போதும் என்றிருந்தார்கள். ஆனால் வழிகாட்டிப் பெண் அக்காளைப் பார்த்ததும் முதலில் கேட்டது எடையை. அக்காள் 43 கிலோ. அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டார். குறைந்தது 45 கிலோ வேண்டும், கூடினால் 117 கிலோ வரை போகலாம் என்பது வண்டியின் விதி.

இது கெடுபிடி அல்ல, காரணம் இருக்கிறது. நம் உடலின் பாரம்தான் இந்த வண்டிக்குப் பிரேக். வண்டியே ஏறக்குறைய 47 கிலோ. எடை குறைந்தவர் பின்னால் சாய்ந்தாலும் வண்டி அதைப் போதுமான அளவு உணராது. சமதரையில் சமாளித்துவிடலாம், இறக்கத்தில் முடியாது. இரண்டு கிலோதானே என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். அந்தப் பெண் அசையவில்லை. அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து அந்த இறக்கத்தில் நின்றபோது கோபம் போய்விட்டது.

அக்காள் முகம் வாடியது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "காண்டா வாளி ரெண்ட நெறச்சு தோள்ல வையி தம்பி, எடை சரியாப் போயிரும்" என்றார். அக்காள் மகள் அதை மொழிபெயர்க்க, வழிகாட்டி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். லிஸ்பனில் தெருவெங்கும் மின்சார டுக்டுக் ஓடுகிறது. அதில் அம்மாவும் மகளும் மேலே உள்ள காட்சி மேடைகளுக்கு வந்து எங்களோடு சேர்ந்துகொள்ளலாம். அப்படியே செய்தோம்.

நாங்கள் ஐந்து பேர் கிளம்பினோம். சூரியன் மறைய ஒன்பது மணி ஆகும் பருவம் அது, ஏழு மணிக்கும் வெயில் இருந்தது. முதல் ஏற்றத்தில் பழைய பேராலயம். 1147-இல் முதலாம் அஃபோன்சோ மன்னர் இந்நகரை மூர் முஸ்லிம்களிடமிருந்து கைப்பற்றிய பிறகு கட்டத் தொடங்கியது. அதைக் கடந்தால் 28-ஆம் எண் டிராம் போகும் குறுகிய சாலை. செக்வேக்காரருக்கு லிஸ்பனில் இரண்டு எதிரிகள், இரண்டும் இங்கே சந்திக்கின்றன. ஒன்று தண்டவாளம். இன்னொன்று நடைபாதை. கையால் வெட்டிப் பதித்த சிறு சுண்ணாம்புக் கற்கள் பல தலைமுறைக் கால்கள் பட்டுக் கண்ணாடிபோல் வழவழத்துக் கிடக்கின்றன.

தண்டவாளத்தை நேர்குறுக்காகத்தான் கடக்க வேண்டும், சாய்வாகக் கூடாது என்று மூன்று தடவை சொல்லியிருந்தார்கள். பின்னால் டிராமின் மணிச்சத்தம் கேட்டதும் நான் பதறி, சாய்வாகவே ஏறினேன். வலச்சக்கரம் வழுக்கியது, இடச்சக்கரம் உருண்டது, வண்டி பம்பரம்போல் சுற்றி என்னைக் கல்லில் இறக்கியது. முழங்கை சிராய்ந்ததோடு போயிற்று. ஆளில்லாத வண்டி தானே கொஞ்ச தூரம் உருண்டு சுவரில் சாய்ந்தது. பாவம், அங்கே நின்ற ஒரு பாட்டி நல்லவேளையாக விலகிக்கொண்டார். விழுவது நமக்கு மட்டும் ஆபத்தில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 2015-இல் பெய்ஜிங் உலகத் தடகளப் போட்டியில் செக்வேயில் வந்த படப்பிடிப்பாளர் மோதி உசேன் போல்ட்டே கீழே விழுந்தார்.

போர்த்தாஸ் டோ சோல் காட்சி மேடைக்கு நான் கைக்குட்டை சுற்றிய முழங்கையோடு போய்ச் சேர்ந்தபோது, அக்காள் ஏற்கெனவே கல்மேடையில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார். கீழே அல்ஃபாமா. சிவப்பு ஓட்டு வீடுகள் ஆறுவரை சரிந்து இறங்குகின்றன. கெட்டியான பாறை மேல் நின்றதால் 1755-இல் பெரும்பாலும் தப்பிய பகுதி இது. பெயரே அரபுச் சொல்லிலிருந்து வந்தது. சந்துகளிலிருந்து மத்தி மீன் சுடும் புகை வந்தது. ஜூன் மாதம் புனித அந்தோணியார் திருவிழாக் காலம். 12-ஆம் தேதி இரவு இந்தச் சந்துகளில் நடக்கவே இடம் இருக்காது, அந்த நாட்களில் செக்வே பதிவு செய்யாதீர்கள். சாதாரண நாளிலும் சந்துகளுக்குள் வண்டியை விடாமல், வெளியே நிறுத்திவிட்டுத்தான் வழிகாட்டி பேசினார். இவை குடும்பங்கள் வாழும் வீடுகள். சத்தமில்லாத வண்டி பின்னால் வருவது வாசலில் விளையாடும் பிள்ளைக்குத் தெரியாது. பிராக் நகரம் 2016-இல் தன் பழைய பகுதியில் செக்வேயைத் தடை செய்ததற்கு இப்படிப்பட்ட புகார்களே காரணம். நம் மலேசியாவிலும் இத்தகைய சிறு மின்வண்டிகளுக்குப் பொதுச்சாலையில் 2021 டிசம்பர் முதல் தடை உண்டு.

கிராசா மேட்டில் சூரியன் மறைவதைப் பார்த்தோம். எதிர்க்குன்றில் கோட்டை, தூரத்தில் செந்நிறத் தொங்குபாலம். அங்கிருந்து இறங்கியதுதான் மாலையின் கடினமான பத்து நிமிடம். இருட்டத் தொடங்கியிருந்தது, கல் பளபளத்தது, கெண்டைக்கால் இறுகியது. பேச்சே இல்லாமல் ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம். ஏதோ ஒரு வீட்டிலிருந்து ஃபாடோ பாட்டு கேட்டது. 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இசை. நின்று கேட்க ஆசைதான், நிற்கிற இடமாக அது இல்லை.

கடைசி நிறுத்தத்தைத்தான் நம் வாசகர்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஆற்றை ஒட்டிய தெருவில் முகப்பு முழுவதும் வைரம்போல் கூர் செதுக்கிய கற்களோடு ஒரு வீடு நிற்கிறது. காசா டோஸ் பிக்கோஸ் என்று பெயர். 1523 வாக்கில் கட்டியவர் பிராஸ் டி அல்புகர்க். 1511-இல் மலாக்காவைப் பிடித்த அஃபோன்சோ டி அல்புகர்க்கின் மகன். மலாக்காவில் நாம் படம் எடுத்துக்கொள்ளும் ஆ ஃபமோசா கோட்டையைக் கட்டியவரின் குடும்ப வீடு இங்கே. அதே அல்புகர்க்தான் மலாக்காவின் தமிழ் வணிகர் நைனா சத்துவைப் பெண்டஹாராவாக நியமித்தார். தமிழ்மொழியில் அச்சேறிய முதல் நூலும் இதே லிஸ்பனில்தான் 1554-இல் வந்தது. ரோமன் எழுத்தில் தமிழை அச்சிட்ட சமய நூல் அது. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை என்று நாம் வீட்டில் புழங்கும் சொற்கள் போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தவை. மலாயில் ஜெண்டேலா, அல்மாரி, மேஜா என்பதும் அவையே. வழிகாட்டி இவற்றில் எதையும் சொல்லவில்லை. ஐரோப்பியச் சுற்றுப்பயணிகளுக்குச் சொல்லிப் பழகியவருக்கு மலாக்கா ஒரு வரிச் செய்தி. ஆகவே போகுமுன் நாமே கொஞ்சம் படித்துக்கொண்டு போவது நல்லது.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். தட்டையான, பிடிப்புள்ள காலணி போடுங்கள், சேலையோ நீளப் பாவாடையோ வேண்டாம். மழை தூறினால் அன்று விட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளும் தலைச்சுற்றல் உள்ளவர்களும் ஏற வேண்டாம். பயணக் காப்புறுதியில் இந்த வண்டி அடங்குமா என்று கிளம்புமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், இதை விலக்கி வைக்கும் திட்டங்கள் உண்டு. வண்டியில் நின்றபடி கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள். இறங்கும்போது முழுதாக நிறுத்திவிட்டு, தண்டைப் பிடித்தபடி ஒவ்வொரு காலாகப் பின்பக்கம் இறங்குங்கள். எடையையும் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் தரையில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டேன். டுக்டுக்கிலிருந்து இறங்கி வந்த அக்காள் என் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மருந்துக் கடை அடச்சிருவான், எந்திரி" என்று சொல்லிவிட்டு, நாளைக்குக் கோட்டைக்கும் டுக்டுக் போகுமா என்று மகளிடம் விசாரிக்க ஆரம்பித்தார்.