ஐடிலிங்கில் கார் குலுங்குகிறதா? பாகத்தை மாற்றும் முன் பாருங்கள்

சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது. ஆர்பிஎம் முள் ஏறி இறங்குகிறது. ஏசி போட்டால் இன்ஜின் அணைந்துவிடும்போலத் திணறுகிறது. பெட்ரோல் காரின் ஐடிலிங் இப்படிக் கெட்டால் பலரும் முதலில் பிளக்கை மாற்றுகிறார்கள். சரியாகவில்லை என்றால் இக்னிஷன் காயில், அடுத்து இன்ஜெக்டர், அதற்கடுத்து சென்சார் என்று செலவு நீள்கிறது. குலுக்கல் எப்போது வருகிறது, எப்போது மறைகிறது என்று முதலில் கவனித்தால் பல சமயம் இந்தச் செலவே தேவைப்படாது.

சூடேறிய இன்ஜின் ஐடிலிங்கில் நிமிடத்துக்குச் சுமார் 650 முதல் 900 சுற்று சுற்றும். அப்போது காற்றை உள்ளே விடும் திராட்டில் வால்வு ஏறக்குறைய மூடியே இருக்கும். உள்ளே போகும் காற்று மிகக் குறைவு. அதனால்தான் ஓடும்போது தெரியாத சின்னக் கோளாறுகூட நிற்கும்போது தெரிகிறது. மூன்று சிலிண்டர் இன்ஜினில் லேசான அதிர்வு இயல்புதான். முன்பு இல்லாத அதிர்வு புதிதாக வந்தால் மட்டும் தேடுங்கள்.

முதலில் கவனிக்க வேண்டியவை

காரைத் திறந்தவெளியில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் பாருங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.

ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்ததும் குலுக்கல் மறைந்தால், எங்கோ காற்று கசிகிறது அல்லது திராட்டில் பாடியில் கார்பன் படிந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். மிதித்த பிறகும் விட்டுவிட்டு அடித்தால் ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் ஆகிறது, அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பிளக், காயில், இன்ஜெக்டர் பக்கம் பார்க்க வேண்டும். ஆர்பிஎம் முள் அசையாமல் நிற்க, வண்டி மட்டும் அதிர்ந்தால் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் தேய்ந்திருக்கலாம். ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கை மிதித்தபடி 'டி'யில் நிற்கும்போது இது நன்றாகத் தெரியும்.

சமீபத்தில் என்ன நடந்தது என்பதையும் யோசியுங்கள். வாட்டர் சர்வீஸுக்குப் பிறகு தொடங்கியதென்றால் பிளக் குழிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு தொடங்கியதென்றால், காரின் கம்ப்யூட்டர் பழைய அளவுகளை மறந்திருக்கலாம். சில கார்களில் கொஞ்சம் ஓட்டினால் தானாகச் சரியாகிவிடும். பல நாள் ஓடாமல் நின்ற காரில் எலி வயரையோ ஹோஸையோ கடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

அதிகக் காசில்லாமல் செய்யக்கூடியவை

இன்ஜின் ஆறியதும் பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டரை எடுத்துப் பாருங்கள். தூசி அடைத்திருந்தால் மாற்றுங்கள். அடுத்து, இன்டேக் குழாயையும் மெல்லிய வேக்கம் ஹோஸ்களையும் விரலால் வளைத்து, வெடிப்போ கழன்ற முனையோ இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, 'உஸ்' என்ற சத்தம் வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டு ஐடிலிங் சட்டென்று மாறினால் கசிவு அங்கேதான். எரியக்கூடிய ஸ்பிரேயைச் சூடான இன்ஜினில் அடிக்காதீர்கள். ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கும். விரலும் துணி நுனியும் அருகே போகக் கூடாது.

திராட்டில் பாடியைச் சுத்தம் செய்ய அதற்கென்றே விற்கும் கிளீனரைப் பயன்படுத்துங்கள். எலக்ட்ரானிக் திராட்டிலின் தகட்டை விரலால் தள்ளினால் உள்ளேயிருக்கும் பல்சக்கரம் கெடலாம்.

கோடு சொல்வதும் சொல்லாததும்

செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஓபிடி ஸ்கேனரை மாட்டிக் கோளாறுக் கோடைப் படிக்கலாம். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங், பி0302 என்றால் இரண்டாவதில். பி0300 குறிப்பிட்ட ஒரு சிலிண்டரைக் காட்டாது. பி0171 என்றால் காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் இல்லை. காற்றுக் கசிவு இதற்கு முக்கியமான காரணம். கோடு இடத்தைத்தான் காட்டும், எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது.

அதைக் கண்டுபிடிக்க எளிய வழி இடம் மாற்றிப் பார்ப்பது. பிளக்குக்குப் பிளக் தனிக் காயில் உள்ள காரில், இன்ஜினை அணைத்து, முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதிலும் இரண்டாவதை முதலிலும் மாட்டுங்கள். கோடு பி0301இலிருந்து பி0302க்கு மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கையும் இப்படியே மாற்றிப் பாருங்கள். பிளக்கை இன்ஜின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே சுற்ற வேண்டும். அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் மரை போனால் செலவு பெரிது. கழற்றிய பிளக்கின் முனை இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, எண்ணெய் பிசுக்கு இருந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே இறங்குகிறது.

மெக்கானிக்கிடம் விட வேண்டியவை

காயிலும் பிளக்கும் நன்றாக இருந்தும் அதே சிலிண்டர் மிஸ் ஆனால், இன்ஜெக்டர் சோதனையும் கம்ப்ரஷன் சோதனையும் ஒர்க்‌ஷாப்பில்தான் செய்ய முடியும். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அது ஒரு காயிலைவிடப் பல மடங்கு விலை.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது "ஐடிலிங் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். குளிர்ந்திருக்கும்போதா சூடானபோதா, ஏசி போட்டாலா போடாமலா, மிதித்தால் மறைகிறதா, என்ன கோடு வந்தது, எதை இடம் மாற்றிப் பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள். நல்ல மெக்கானிக் அங்கிருந்தே வேலையைத் தொடங்குவார். தேவையில்லாத பாகத்துக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியிருக்காது.