இ-வே பில் ஓ.டி.பி. யார் கைபேசிக்கு வரவேண்டும்?

தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கும், வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கும் மேற்பட்ட சரக்கை இ-வே பில் இல்லாமல் அனுப்ப முடியாது என்பது வணிகப் பெருமக்கள் அறிந்ததே. அந்தத் தளத்துக்குள் நுழையப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் போதும் என்றிருந்த நிலை மாறிவிட்டது. ஆண்டு விற்றுமுதல் 20 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு 2025 ஜனவரி 1 முதலும், 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு பிப்ரவரி 1 முதலும், ஏனைய அனைவருக்கும் ஏப்ரல் 1 முதலும் ஓ.டி.பி. கட்டாயமாகியிருக்கிறது.

இந்த எண்ணைப் பெற மூன்று வழிகள் உண்டு. எஸ்.எம்.எஸ். ஒன்று. சந்தேஸ் என்னும் அரசுச் செயலி மற்றொன்று. என்.ஐ.சி. ஜி.எஸ்.டி. ஷீல்டு என்னும் செயலி மூன்றாவது. பழகியது எஸ்.எம்.எஸ். என்பதால் அதோடு நின்றுவிடுவதுதான் நம்மிடையே சாதாரணமாக நடப்பது. மற்ற இரண்டும் பெயரளவில் தெரியுமே தவிர, எந்தக் கடைக்கு எது பொருந்தும் என்பது பெயரைப் பார்த்தால் விளங்காது.

விளைவு என்ன? முதலாளி கொள்முதலுக்காக வெளியூர் போயிருப்பார். பில் போடும் கணக்கர் கடையில் இருப்பார். எண் முதலாளியின் கைபேசிக்கு வரும். கணக்கர் போன் செய்து கேட்க, இவர் பஸ்ஸில் இருந்தபடியே படித்துச் சொல்வார். லாரி புறப்பட்டுவிடும், ஆனால் அவசரக் குரலில் யார் கேட்டாலும் ஓ.டி.பி.யைச் சொல்லிவிடும் பழக்கம் வந்துவிடும். பாஸ்வேர்டைத் திருடியவன் உள்ளே வராமல் தடுக்கத்தான் இந்த இரண்டாவது பூட்டு. நாம் அனுப்பாத சரக்குக்கு நமது ஜி.எஸ்.டி. எண்ணில் ஒருவன் பில் போட்டுவிட்டால், அதிகாரிகள் முன் பதில் சொல்லி அலைய வேண்டியவர் நாம்தான்.

இதை வணிகரின் கவனக்குறைவு என்று சொல்லிவிடுவது எளிது. அது சரியல்ல என்பதே நம் கருத்து. லண்டனில் ஆன் ஆடம்ஸ், ஆஞ்சலா சாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அலுவலக ஊழியர்கள் பாஸ்வேர்டை எப்படிக் கையாளுகிறார்கள் என்று அவர்களிடமே விசாரித்து, 1999இல் கட்டுரை வெளியிட்டார்கள். வேலை நடக்கும் விதத்தோடு பொருந்தாத விதிகளைப் போட்டதால்தான் ஊழியர்கள் அவற்றை மீறினார்கள் என்று கண்டார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் ஆல்மா விட்டன், டக் டைகர் இருவரும் வேறொரு சோதனை பற்றி எழுதினார்கள். கடிதத்தைப் பூட்டி அனுப்பும் மென்பொருள் ஒன்றை 12 பேரிடம் கொடுத்து, 90 நிமிடம் தந்து, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கினரே வேலையைச் சரியாக முடித்தார்கள். மூன்று பேர் ரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள்! படித்தவர்கள்தாம், மின்னஞ்சலில் பழக்கம் உள்ளவர்கள்தாம். கடையில் பொருள் எங்கே இருக்கிறது என்று வாடிக்கையாளர் தேடித் திணறினால் நாம் அலமாரியைத்தான் மாற்றி வைக்கிறோம், அவரைக் கடிந்துகொள்வதில்லை. மென்பொருள் செய்பவர்களும் அப்படித்தான் நடக்க வேண்டும்.

திரையில் செயலிகளின் பெயரை வரிசையாகக் காட்டி "எது வேண்டும்?" என்று கேட்பதைவிட, "பில் போடுபவர் யார்? எண் வரும் கைபேசி அப்போது அவரிடம் இருக்குமா? கிடங்குக்குள் சிக்னல் கிடைக்குமா?" என்று கேட்டால் எந்தக் கணக்கரும் தடுமாற மாட்டார். இந்த மூன்று கேள்விகளை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பில் போடுபவர் வேறு ஆள் என்றால், முதலாளியின் பெயரையும் பாஸ்வேர்டையும் அவரிடம் கொடுப்பதை விட்டுவிட்டு, தளத்திலேயே அவரைத் துணைப் பயனராகச் சேர்க்க வேண்டும். அப்போது ஓ.டி.பி. அவருக்கென்று பதிவு செய்த கைபேசிக்கே போகும். பஸ்ஸில் இருப்பவரை எழுப்ப வேண்டியதில்லை. எந்தெந்த வேலையை அவர் செய்யலாம் என்று வரையறுக்கவும் வழி இருக்கிறது.

சிக்னல் கிடைக்காத கிடங்கு என்றால் ஷீல்டு செயலியே ஏற்றது. இணையமோ நெட்வொர்க்கோ இல்லாமலே அது கைபேசிக்குள் எண்ணை உருவாக்கும். 30 விநாடிக்கு ஒருமுறை எண் மாறும். கைபேசியின் கடிகாரம் சரியான நேரம் காட்டாவிட்டால் எண் பொருந்தாது. நேரத்தைத் தானாகவே சரிசெய்துகொள்ளும்படி கைபேசியில் அமைத்துக்கொண்டால் தொல்லை இல்லை. செயலியை அந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் இணைப்பைத் தொடவே கூடாது.

உறுப்பினர்களிடம் இன்னொரு வேண்டுகோள். கடைக்குப் பில்லிங் மென்பொருள் விற்க வருபவரிடம் விலையைப் பேசுமுன், நமது கணக்கரை அதன் முன் உட்காரவைத்து, "உள்ளே நுழைந்து ஒரு பில் போடுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். விற்க வந்தவர் வாய் திறக்கக் கூடாது. கணக்கர் எங்கே நிற்கிறார், எந்தச் சொல்லைப் பார்த்து விழிக்கிறார் என்று இருவரும் கவனியுங்கள். அந்த இடத்தைத் திருத்தித் தரச் சம்மதித்தால் மேற்கொண்டு பேசலாம்.

துணைப் பயனராக இருந்த சிப்பந்தி வேலையை விட்டு நின்றால், சம்பளக் கணக்கை முடிக்கும் அன்றே தளத்தில் அவர் கணக்கையும் முடக்கிவிட வேண்டும். பயனர் நிர்வாகம் என்ற பகுதியிலேயே அதற்கு வசதி இருக்கிறது.