அமெரிக்கா கேட்பது இந்தியாவில் செய்த வேலையை

நவி மும்பையின் மகாபேயில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். அமெரிக்காவுக்கு அனுப்பப்படும் ஊழியர்களின் காகிதங்களைத் திரட்டி அங்குள்ள வக்கீல்களுக்கு அனுப்பும் பிரிவு என்னுடையது. வீடு கோபர்கைரனேயில், தீன் டாக்கி பக்கம். ஓய்வு பெற்ற பிறகும் லிஃப்டிலோ காய்கறிக் கடையிலோ யாராவது நிறுத்திக் கேட்பார்கள்: "ஆன்ட்டி, எனக்கு மேனேஜர் ப்ரமோஷன் வந்துருச்சு. ஈபி-1ல போட்டா கிரீன் கார்டு சீக்கிரம் கிடைக்குமாமே?"

கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஈபி என்பது வேலைவழிக் கிரீன் கார்டின் பிரிவுகளைக் குறிக்கும். நம் ஆட்கள் பெரும்பாலோர் போவது ஈபி-2, ஈபி-3 வழியில். அங்கே முதலில் பெர்ம் என்ற தொழிலாளர் சான்று எடுக்க வேண்டும். அந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று கம்பெனி விளம்பரம் கொடுத்து நிரூபிக்க வேண்டும். பிறகு வரிசை. யாருக்கு முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு மாதந்தோறும் சொல்லும் விசா புல்லட்டினில், 2025 செப்டம்பரில், இந்தியர்களுக்கான ஈபி-2 தேதி 2013 ஜனவரி 1. அதற்கு முன்னால் இடம்பிடித்தவர்களுக்கு மட்டுமே அப்போது அட்டை. அதே புல்லட்டினில் ஈபி-1 தேதி 2022 பிப்ரவரி 15. போதாததற்கு, அதே மாதம் புதிய எச்-1பி வேலை விசா மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற அறிவிப்பும் வந்தது. ஒரே குழுமத்துக்குள் இடம் மாறும் ஊழியர்களுக்கான எல் விசாவுக்கு அந்தக் கட்டணம் இல்லை. அதனால் ஐரோலியிலிருந்து நெருள் வரை எல்லோர் பேச்சும் அதில் மேலாளர்களுக்கான எல்-1ஏ விசா பக்கம் திரும்பிவிட்டது.

ஈபி-1 பிரிவில் மூன்று வகையினர் உண்டு: அசாதாரணத் திறமை கொண்டவர்கள், பேராசிரியர்களும் ஆய்வாளர்களும், பன்னாட்டு நிறுவன மேலாளர்கள். நான் சொல்லப்போவது மூன்றாவது வகையைப் பற்றி. 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இதை உருவாக்கியது. பெர்ம் தேவையில்லை. அமெரிக்காவில் உள்ள கம்பெனி ஐ-140 மனுவைப் போட வேண்டும். ஊழியர் தானே போட முடியாது. அந்தக் கம்பெனி அங்கே குறைந்தது ஓராண்டாவது தொழில் நடத்தியிருக்க வேண்டும். இந்தியக் கம்பெனிக்கும் அதற்கும் தாய் நிறுவனம், துணை நிறுவனம், கிளை என்று ஏதாவது ஓர் உடைமை உறவு இருக்க வேண்டும். வெறும் வியாபார ஒப்பந்தம் போதாது. வேலை நிரந்தரமானதாகவும் மேலாளர் பொறுப்பாகவும் இருக்க வேண்டும்.

இவையெல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும் விஷயங்கள். ஆட்களைக் கவிழ்ப்பது இன்னொரு நிபந்தனை. அமெரிக்காவுக்கு வருவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில், குறைந்தது ஓராண்டு, வெளிநாட்டில், அதே குழுமத்தில், மேலாளராகவோ நிர்வாகியாகவோ வேலை செய்திருக்க வேண்டும். நம்மைப் பொறுத்தவரை அந்த வெளிநாடு இந்தியா. நியூஜெர்சியில் எத்தனை பேரைக் கட்டி மேய்த்தாலும், மகாபேயில் கழித்த அந்த ஓராண்டு மேலாளர் ஆண்டாக இல்லையென்றால் மனு நிற்காது.

எல்-1ஏ விசா கிடைத்துவிட்டதே, கிரீன் கார்டும் அதே கணக்கில் கிடைக்காதா என்று பலர் நம்புகிறார்கள். கிடைக்காது. எல்-1ஏ விசாவுக்கு, இந்தியாவில் சிறப்பு அறிவு கொண்ட தொழில்நுட்ப ஊழியராக இருந்த ஓராண்டே போதும். அங்கே போய் மேலாளர் ஆகலாம். கிரீன் கார்டுக்கு அது போதாது. இந்த ஒரு வேறுபாட்டைப் புறப்படும்போதே யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் திட்டத்தை வேறு மாதிரி அமைத்திருக்கும்.

சரி, மேலாளர் என்றால் யார்? விசிட்டிங் கார்டில் உள்ள பதவியை அதிகாரிகள் பார்ப்பதில்லை. நம் கம்பெனிகளில் புராஜெக்ட் மேனேஜர், டெலிவரி மேனேஜர், அசோசியேட் மேனேஜர் என்று பட்டங்கள் தாராளம். அமெரிக்கச் சட்டம் கேட்பது, உங்கள் வேலை நேரத்தில் பெரும்பங்கு எதில் போகிறது என்பதை. கோடு எழுதுவதிலும் வாடிக்கையாளரின் டிக்கெட்டை மூடுவதிலும் போனால் நீங்கள் மேலாளர் இல்லை. உங்கள் கீழே இருப்பவர்களை வேலைக்கு எடுக்க, நீக்க, பதவி உயர்வு கொடுக்க உங்களுக்கு அதிகாரம் உண்டா, அல்லது உங்கள் பரிந்துரைக்கு மதிப்பு உண்டா என்று பார்ப்பார்கள். முதல்நிலைக் கண்காணிப்பாளரை மேலாளராக ஏற்க மாட்டார்கள், அவர் மேற்பார்ப்பவர்கள் பட்டப்படிப்பு தேவைப்படும் தொழில்முறைப் பணியில் இருந்தாலொழிய. மென்பொருள் துறையில் இந்த விலக்குதான் நமக்குக் கைகொடுக்கிறது. ஆள் பலம் இல்லாமலே ஒரு முக்கியப் பணிப்பிரிவை நடத்தும் மேலாளருக்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதை நிரூபிப்பது கடினம்.

செம்பூரில் வளர்ந்த ஒரு பையன். இந்தியாவில் இருந்தபோது ஒரு குழுவையே அவன்தான் நடத்தினான். அப்ரைசல் எழுதினான், ஆள் எடுத்தான். ஆனால் அவன் வேலை பார்த்த கம்பெனி கொடுத்த அனுபவக் கடிதத்தில் 'டெக்னிக்கல் லீட்' என்று போட்டு, கீழே நிரல்மொழிகளின் பட்டியலை அடுக்கியிருந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் மனு போட்டபோது கூடுதல் ஆதாரம் கேட்டு ஆர்எஃப்இ வந்தது. பழைய மேலதிகாரி கம்பெனியை விட்டுப் போயிருந்தார். யாருக்குக் கீழே யார் என்று காட்டும் அந்த ஆண்டின் ஆர்க் சார்ட் யாரிடமும் இல்லை. மனு நிராகரிக்கப்பட்டது. அவன் செய்த வேலை உண்மை. அதைச் சொல்ல ஒரு தாள் இல்லாமல் போய்விட்டது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. எச்-1பியில் அங்கே பல காலம் இருந்துவிட்டு, ஓராண்டு மட்டும் மேலாளராக இந்தியா திரும்பி, மறுபடி எல்-1ஏ விசாவில் போகும் குடும்பங்கள் கோபர்கைரனேயிலும் வாஷியிலும் வாடகைக்கு வீடு பிடித்து இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே பிறந்த குழந்தைகளை இங்கே பள்ளியில் சேர்த்து, இந்தி டீச்சரைத் தேடி, பாவம், படாத பாடு படுவார்கள். இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஓராண்டும் நிஜமாகவே மேலாளர் வேலையாக இருக்க வேண்டும். இடையில் அமெரிக்காவுக்கு மீட்டிங் என்று போய்வந்த நாட்கள் கணக்கில் சேராது. இல்லாத குழுவை ஆர்க் சார்ட்டில் வரைந்து கையெழுத்து வாங்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதில் கையெழுத்துப் போடாதீர்கள். முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னதாக முடிவானால், அமெரிக்காவுக்குள் நுழையவே வாழ்நாள் தடை வரும். அந்தத் தடை கம்பெனிக்கு வராது, உங்கள் பாஸ்போர்ட்டுக்குத்தான் வரும்.

இனி வரிசை. வேலைவழிக் கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. அதில் ஈபி-1 பங்கு 28.6 சதவீதம், ஏறக்குறைய 40,000. எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதம் என்ற வரம்பு இருப்பதால் இந்தியாவுக்கு இந்தப் பிரிவில் உறுதியானது சுமார் 2,800தான். மற்ற நாட்டவர் எடுக்காமல் விட்டது மிஞ்சினால் கூடுதல். மனைவி, பிள்ளைகளும் இதே எண்ணிக்கையில்தான் அடங்குகிறார்கள். அதனால் தேதி முன்னும் பின்னும் ஆடும். 2023 ஆகஸ்டில் இந்தியர்களுக்கான ஈபி-1 தேதி ஒரேயடியாக 2012 ஜனவரி 1க்குப் பின்வாங்கியபோது பலர் வீட்டில் உலை வைக்கவே மனமில்லாமல் இருந்தார்கள். எல்-1ஏ விசாவில் மொத்தம் 7 ஆண்டுகள்தான் இருக்க முடியும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 21 வயதை நெருங்கும் பிள்ளை இருந்தால் மனுவைத் தள்ளிப்போடக் கூடாது. 2002இல் வந்த சட்டம் ஒன்று, ஐ-140 பரிசீலனையில் கிடந்த காலத்தைப் பிள்ளையின் வயதிலிருந்து கழிக்க அனுமதிக்கிறது. ஆனால் வரிசையில் காத்திருக்கும் ஆண்டுகளை அது கழிக்காது.

வரிசையைத் தீர்மானிப்பது பிறந்த நாடு, குடியுரிமை இல்லை. நம் தமிழ்க் குடும்பங்களில் பலர் மறந்துபோகும் விஷயம் இதில் இருக்கிறது. கணவனோ மனைவியோ குவைத்திலோ சிங்கப்பூரிலோ இலங்கையிலோ பிறந்திருந்தால், குடும்பம் முழுவதும் அந்த நாட்டின் கணக்கில் சேரலாம். அப்பா வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் அங்கே பிறந்து, கைக்குழந்தையாக மாட்டுங்காவுக்கு வந்துவிட்ட பெண்ணின் பிறப்புச் சான்றிதழ், கணவரின் வரிசையையே மாற்றிவிடும். வக்கீலிடம் முதல் நாளே இதைச் சொல்லுங்கள்.

சான்றிதழ் என்றதும் பிறப்புப் பதிவையும் பெயரையும் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சயான் ஆஸ்பத்திரியில் பிறந்தவருக்கு மாநகராட்சிப் பதிவு இருக்கும். திருநெல்வேலிப் பக்கம் கிராமத்தில் வீட்டிலேயே பிறந்தவருக்குப் பல சமயம் பதிவே இருக்காது. அவர்கள் பதிவு இல்லை என்ற சான்றிதழையும், பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினரின் பிரமாணப் பத்திரத்தையும், பள்ளிச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு, அதாவது 'முதல் பெயர் தெரியாது' என்று விழும். இனிஷியல் ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்தில் சுருங்கியும் இருந்தால், ஊரில் இருக்கும்போதே சரிசெய்துகொள்வது நல்லது.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது எல்-1ஏ விசாவில் புறப்படுவதாக இருந்தால், டிக்கெட் எடுப்பதற்கு முன் அவரிடம் இதைச் சொல்லுங்கள். இந்திய அலுவலகத்தின் கடைசி ஆர்க் சார்ட், தான் எழுதிய அப்ரைசல்கள், ஆள் எடுத்ததற்கான பதிவுகள் என்னென்ன என்று கம்பெனியிடம் கேட்டு, அனுமதி உள்ளவற்றின் பிரதியை வாங்கிக்கொள்ளட்டும். தன் பொறுப்புகளையும், எந்தப் பொறுப்புக்கு எவ்வளவு நேரம் போனது என்பதையும் விவரிக்கும் கடிதத்தை, மேலதிகாரி வேலையில் இருக்கும்போதே, கையெழுத்தோடு வாங்கிவிடட்டும்.