கிலோவா, நியூட்டனா? பார்த்து எடை போடுவோம்!



ஜெயங்கொண்டம் பகுதியில் முந்திரி சீசன் வந்தால் நம்மில் பலர் கொட்டையை எடை போட்டு விற்கிறோம். பத்து கிலோ பையை எலக்ட்ரானிக் தொங்கு தராசில் மாட்டினால், சில நேரம் 98 என்று காட்டும். "தராசு கெட்டுப்போச்சா?"ன்னு பதற வேண்டாம். அலகு மாற்றும் பொத்தானில் கை பட்டிருக்கும்.

கிலோ என்பது பொருளின் நிறை. பூமி அதைக் கீழே இழுக்கும் விசையை நியூட்டனில் அளக்கிறார்கள். 1 கிலோவைப் பூமி சுமார் 9.8 நியூட்டன் விசையோடு இழுக்குது. ஆகவே நியூட்டனை 9.8 ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். 98 ÷ 9.8 = 10. அவ்வளவுதான் கணக்கு.

"பத்தால வகுத்தா போதும்"னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. 50 கிலோ மூட்டை 490 நியூட்டன் காட்டும். பத்தால் வகுத்தால் 49 தான் வரும். ஒரு கிலோ காசு நமக்கு நஷ்டம்!

'எல்.பி.' என்று காட்டினால் அது பவுண்டு. 1 பவுண்டு சுமார் 454 கிராம். அதே பத்து கிலோ பை 22 என்று காட்டும். நாம் வாங்குகிற இடத்தில் இதைக் கவனிக்காவிட்டால் ஏமாந்து போவோம்.

பாட்டி காலத்தில் வீசைக் கணக்கு; ஒரு வீசை சுமார் 1.4 கிலோ. இன்னிக்கு எடைக்குச் சட்டப்படி கிலோ, கிராம்தான். அதனால் எடை போடும் முன் திரையில் 'கே.ஜி.' இருக்கா, வெறும் தராசு பூஜ்ஜியம் காட்டுதா, இந்த வருஷத்து முத்திரை இருக்கா என்று பார்ப்போம். சந்தேகம் இருந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்போம். கேட்பதில் வெட்கம் என்ன சகோதரிகளே, உழைப்பு நம்முடையது!